மோட்டார் வேண்டாத உயரம்

60 மீட்டர். நன்றாகப் பழகிய கை ஒரு டிஸ்கஸ் கிளைடரைச் சுழற்றி வீசினால் ஏறக்குறைய அவ்வளவு உயரம் கிடைக்கும். காற்று அசையாத நேரத்தில் அங்கிருந்து அது இறங்கி வர இரண்டு நிமிடம் ஆகும். விநாடிக்கு அரை மீட்டர் என்பது கணக்கு. அந்த இரண்டு நிமிடத்துக்குள் ஏற்றக்காற்று எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் அரைமணி நேரமும் மேலே நிற்கலாம். கண்டுபிடிக்காவிட்டால் எடுத்து மறுபடி வீச வேண்டியதுதான். எஞ்சின் இல்லாத விமானத்துக்கு உயரம் ஒன்றுதான் கைமுதல். அதைக் கொடுத்துத்தான் வேகம் வாங்குகிறோம், தூரம் வாங்குகிறோம், தேடுவதற்கு நேரம் வாங்குகிறோம்.

சோளம் அறுத்த காட்டில் நின்று வீசிக்கொண்டிருந்தால் ஆடு மேய்க்கிறவர்கள் வந்து நிற்பார்கள். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்ப்பார்கள். "ஏனுங்க, இதுக்கு மிசினு கிசினு ஒண்ணும் இல்லீங்களா?" இல்லீங்க என்றால், "அப்புறம் எப்படிங்க மேலயே நிக்குது?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. காரில் வந்து இறங்குகிறவர்கள் கேட்பது வேறு: "ஒரு சின்ன மோட்டார் வெச்சுட்டா இந்தப் பாடெல்லாம் வேண்டாமே சார்?"

வைக்கலாம்தான். மூக்கில் ஒரு சிறிய மோட்டார், வேலை முடிந்ததும் உடலோடு மடிந்துகொள்ளும் ப்ரொப்பெல்லர், உள்ளே ஒரு லித்தியம் பேட்டரி. பொத்தானைத் தள்ளினால் அரை நிமிடத்தில் 150 மீட்டர். ஓட வேண்டாம், ரப்பர் இழுக்க வேண்டாம், தோள் வலிக்காது. அப்படிப் பறக்கவிடுகிற நண்பர்கள் எனக்கு உண்டு, அவர்களோடு எனக்குச் சண்டையும் இல்லை. ஆனால் புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் நான் மோட்டாரை வேண்டாம் என்றுதான் சொல்லி வருகிறேன். காரணம், மோட்டார் தப்பை மறைத்துவிடும். எடை நிலை சரியில்லாத கிளைடரும் ஏறும், இறக்கை முறுக்கிக்கொண்ட கிளைடரும் ஏறும். இழுக்கிற விசை இருக்கும்வரை எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். கையால் வீசுகிறவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. கையை விட்ட அடுத்த விநாடியே, மேசையில் செய்த வேலை முழுவதும் வெளியே தெரிந்துவிடும்.

அதனால் சக் கிளைடரில்தான் ஆரம்பிக்க வேண்டும். என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பால்சாப் பலகையில் வெட்டிய ஓர் இறக்கை, ஒரு குச்சி உடல், பின்னால் கிடைவால், நெட்டுவால், மூக்கில் கொஞ்சம் களிமண். களிமண் என்று நாங்கள் சொல்வது பிள்ளைகள் பொம்மை செய்கிற பிளாஸ்டிசின். ரிமோட் இல்லை, சர்வோ இல்லை. கையை விட்டுப் போன பிறகு நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்து வைத்திருக்க வேண்டும்.

முதல் வேலை சி.ஜி. என்கிற எடை மையத்தைப் பார்ப்பது. இறக்கையின் முன் விளிம்பிலிருந்து அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு அளந்து, இரண்டு பக்கமும் பென்சிலால் புள்ளி வைத்து, அந்தப் புள்ளிகளுக்குக் கீழே ஆள்காட்டி விரல்களைக் கொடுத்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். வால் தாழ்ந்தால் மூக்கில் களிமண். மூக்கு தாழ்ந்தால் கிள்ளி எடுக்க வேண்டும். விரல் நுனியில் கிளைடர் சமமாக நின்றுவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி இறக்கையின் முறுக்கில் இருக்கிறது. வாலுக்குப் பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு இறக்கையின் பின் விளிம்பைப் பாருங்கள். இடப்பக்கம் ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தாலும் கிளைடர் அதைச் சொல்லாமல் விடாது. பால்சாவுக்கு ஒரு குணம் உண்டு. வாயருகே வைத்து ஹா என்று சூடாக ஊதி, இரண்டு கையாலும் எதிர்ப்பக்கம் முறுக்கிப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றால், அந்த ஈரத்திலும் சூட்டிலும் மரம் இளகி, ஆறும்போது நாம் பிடித்த வடிவத்திலேயே நின்றுவிடும். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். மழைக்காலத்தில் மட்டும் மறுநாள் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

அப்புறம் வீச்சு. முதல் வீச்சை வீச்சு என்றே சொல்லக் கூடாது, விடுவது என்றுதான் சொல்ல வேண்டும். காற்றுக்கு எதிரே நின்று, தோள் உயரத்தில் பிடித்து, தொடுவானத்துக்குக் கொஞ்சம் கீழே மூக்கை வைத்து, கிளைடர் தானாகப் பறக்கும் வேகம் எதுவோ அந்த வேகத்தில் முன்னே தள்ளிவிட வேண்டும். புதியவர்கள் எல்லோரும் மூக்கை வானத்தைப் பார்த்து வைத்து ஓங்கி எறிகிறார்கள். நிழற்படங்களிலும் விளம்பரங்களிலும் அப்படித்தான் காட்டுகிறார்கள். அப்படி எறிந்தால் கிளைடர் ஏறி, வேகம் இழந்து, நின்று, மூக்கு குப்புற விழும். அது எடை நிலையின் கோளாறா வீசியவரின் கோளாறா என்று யாராலும் சொல்ல முடியாது. சமமாக விட்டால்தான் கிளைடர் பேசும். அலை அலையாக ஏறி ஏறி இறங்கினால் வால் கனம். நேரே தரையைத் தேடிப் போனால் மூக்கு கனம். நீளமாக, ஒரே சரிவில் போய் வயிறு தேய்ந்து இறங்கினால் சரி. ஒவ்வொரு முறையும் களிமண்ணில் ஒரு கடுகளவுதான் மாற்ற வேண்டும். அதோடு வால் விளிம்பையும் வளைத்தால் எது எதைச் செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

இது கைவந்த பிறகு உயர வீச்சு. இதில்தான் சக் கிளைடரின் முழு அழகும் இருக்கிறது. வலக்கைக்காரர் கிளைடரை வலப்பக்கம் நன்றாகச் சாய்த்துப் பிடித்து, மேலே பார்த்து வேகமாக வீசுவார். அது வலப்பக்கமாகச் சுருண்டு ஏறும். ஆனால் நெட்டுவாலில் அவர் முன்பே கொஞ்சம் இடப்பக்கத் திருப்பம் வைத்திருப்பார். அந்த இடத்திருப்பம் ஏறும்போதே வலச்சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்திக்கொண்டு வரும். உச்சியில் வேகம் வடிகிற நேரமும் சாய்வு நிமிர்கிற நேரமும் ஒன்றாக அமைந்தால், கிளைடர் ஒரு நொடிகூடத் தடுமாறாமல் இடப்பக்க வட்டத்தில் சறுக்க ஆரம்பிக்கும். சாய்க்காமல் நேராக வீசியிருந்தால் அதே கிளைடர் தலைகீழாகக் கரணம் அடித்திருக்கும். வலம் ஏறி இடம் இறங்குவது என்ற இந்த ஏற்பாட்டை, மின்னணு ஒன்றும் இல்லாமல், ஒரு களிமண் உருண்டையையும் வாலின் ஒரு மில்லிமீட்டர் வளைவையும் வைத்துச் சாதிக்கிறோம். எனக்கு இன்றைக்கும் இதைவிடச் சுத்தமான பொறியியல் வேலை வேறு இருப்பதாகத் தோன்றவில்லை.

ரிமோட் கிளைடரையும் ஒரு காலத்தில் ஈட்டி எறிவதுபோலத்தான் எறிந்துகொண்டிருந்தார்கள். 20 மீட்டரைத் தொட்டால் பெரிய காரியம். 1990-களின் கடைசியில் முறை மாறியது. உடலைப் பிடிப்பதற்குப் பதிலாக இறக்கையின் நுனியில் ஒரு சிறு முளையை வைத்து, அதை இரண்டு விரல்களால் பிடித்துக்கொண்டு, வட்டு எறிகிறவரைப் போல உடம்போடு ஒரு சுற்றுச் சுற்றி விட்டார்கள். வீசும் கையின் நீளத்தோடு இறக்கையின் பாதி நீளமும் சேர்ந்துகொண்டது. உயரம் மூன்று மடங்காயிற்று. இன்று உலகப் போட்டிகளில் எஃப்3கே என்ற பிரிவே இதற்காக இருக்கிறது. இறக்கை 1.5 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. எடைக்கு 600 கிராம் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். உண்மையில் நல்ல கிளைடர்கள் 250 கிராமைச் சுற்றித்தான் இருக்கும்.

60 மீட்டர் ஏற, காற்றுத் தடையே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், கையை விடும்போது விநாடிக்கு 34 மீட்டர் வேகம் வேண்டும். மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல். தடையையும் சேர்த்தால் இன்னும் அதிகம். கால் கிலோ எடையுள்ள ஒரு பொருள், அதுவும் ஒரு நுனியில் பிடித்து, அந்த வேகத்தில் புறப்படுகிறது. விட்ட நொடியில் கிளைடர் நேராகப் போக நினைக்காது, நம் சுழற்சியின் மிச்சத்தை எடுத்துக்கொண்டு வாலை வீசும். அந்த வீச்சை நெட்டுவால் உடனே பிடித்து நிறுத்த வேண்டும். வால் குழல் இளகியதாக இருந்தால் கிளைடர் இரண்டு மூன்று தடவை இப்படியும் அப்படியும் ஆடிவிட்டுத்தான் ஏறும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் சில மீட்டர் போய்விடும். அதனால்தான் கார்பன் குழல், அதனால்தான் இறக்கை நுனியில் கெவ்லார் நார். மற்றவர்கள் விலையைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு லேசான சாமானுக்கா?" என்று கேட்பார்கள். லேசாகவும் விறைப்பாகவும் ஒரே நேரத்தில் இருப்பதற்குத்தான் அந்த விலை.

இந்தத் துறையில் நான் நன்றியோடு நினைக்கிற பெயர் மார்க் டிரேலா. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியர். கிரேக்க நாட்டின் கிரீட் தீவிலிருந்து சாண்டோரினி வரை 1988-ல் ஒரு மனிதர் மிதிகட்டையை மிதித்தே ஏறக்குறைய 115 கிலோமீட்டர் பறந்தாரே, அந்த டேடலஸ் விமானத்தின் வடிவமைப்பில் பங்கெடுத்தவர். அவரே கை வீச்சுக் கிளைடர்களுக்கென்று ஏஜி என்ற வரிசையில் இறக்கை வெட்டுமுகங்களை வரைந்து, முழுக் கிளைடர்களின் வரைபடங்களையும் யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று கொடுத்துவிட்டார். வீட்டு மொட்டைமாடியில் இறக்கை செய்கிறவனுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் இருக்க முடியாது.

டிஸ்கஸ் வீச்சுக்குப் புஜபலம் வேண்டும் என்று நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் பலம் மூன்றாவது இடத்தில்தான் வரும். கை நீட்டி விறைப்பாக இருக்க வேண்டும், இடுப்பு முதலில் திரும்பித் தோள் பின்னால் வர வேண்டும், கடைசிக் கால் ஊன்றிய பிறகுதான் விரல் விட வேண்டும். இந்த வரிசை அமைந்துவிட்டால் ஒல்லியான ஆள், உடற்பயிற்சிக்கூடத்தில் வளர்ந்த ஆளைவிட உயரமாக வீசுவார். ஆனால் தோளைச் சூடேற்றாமல் வீசக் கூடாது. தோள் மூட்டு ஒருமுறை போனால் மாதக்கணக்கில் வராது. சுற்றும் வட்டத்துக்குள் யாரும் நிற்கவும் கூடாது, குறிப்பாக வேடிக்கை பார்க்கும் குழந்தைகள்.

போட்டியில் ஒரு கணக்கு உண்டு. பத்து நிமிட நேரம் கொடுப்பார்கள். அதற்குள் ஒரு நிமிடம், இரண்டு, மூன்று, நான்கு நிமிடம் என்று நான்கு பறப்புகள். கூட்டிப் பாருங்கள், சரியாகப் பத்து. தரையில் நிற்க ஒரு விநாடிகூட இல்லை. ஆகவே இறங்கி வரும் கிளைடரைத் தரையைத் தொடவிடாமல் இறக்கை நுனியிலேயே கையால் பிடித்து, அதே சுழற்சியில் மறுபடி வீசிவிடுவார்கள். யாரோ சும்மா உட்கார்ந்து எழுதிய விதியாக இதை நான் நினைக்கவில்லை. கிளைடரைக் கைக்குக் கொண்டுவந்து இறக்கத் தெரிந்தவனுக்குத்தான் அதன் மேல் முழுப் பிடிமானம் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் எழுதியது.

கை வீச்சுக்கு அடங்காத பெரிய கிளைடருக்கு ரப்பர். ஹை-ஸ்டார்ட் என்பார்கள். தரையில் அறைந்த ஒரு முளை. அதில் கட்டிய 30 மீட்டர் லேட்டக்ஸ் குழாய். அதன் நுனியில் 120 மீட்டர் நைலான் நூல். நூலின் முனையில் ஒரு சிறு பாராசூட்டும் வளையமும். பையன்கள் உண்டிவில்லுக்குத் தேடுகிற அதே வகைக் குழாய்தான், நீளம் மட்டும் அதிகம். வளையத்தைக் கிளைடரின் வயிற்றில் இருக்கும் கொக்கியில் மாட்டி, பின்னால் நடந்து நடந்து ரப்பரை இழுத்து, காற்றுக்கு எதிரே விட வேண்டும். இந்த முறை இப்போது வழக்கொழிந்து வருகிறது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. கிளைடர் ஏறுவதைக் கையில் உணர்வதற்கு இதைவிட மலிவான வழி கிடையாது.

முளையில்தான் எல்லாம் இருக்கிறது. இழுத்த ரப்பரில் முளை பிடுங்கிக்கொண்டால் அது நம்மை நோக்கித்தான் பறந்து வரும். செம்மண்ணில் மாடு கட்டுகிற இரும்பு முளை ஒன்று போதும். கோடையில் வெடித்துக் கிடக்கிற கரிசலில் அது நிற்காது. பாளத்தோடு பெயர்ந்துவிடும். அங்கே ஒரே வரிசையில் இரண்டு முளை, முன்முளையின் தலையைப் பின்முளையின் அடியோடு கயிற்றால் கட்டி, இரண்டையும் இழுக்கும் திசைக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து அறைய வேண்டும். அறைந்த பிறகு காலால் உதைத்துப் பார்க்கிற பழக்கம் வேண்டும்.

எவ்வளவு இழுப்பது என்பதை அடி எண்ணிச் சொல்கிறவர்கள் உண்டு. நான் கொக்கித் தராசை வைத்துப் பார்க்கச் சொல்வேன். கிளைடரின் எடையைப் போல நான்கு மடங்கு இழுவை இருந்தால் போதும். ஒரு கிலோ கிளைடருக்கு நான்கு கிலோ. குழாய் புதிதாக இருக்கும்போது ஒரு தூரத்தில் வரும் நான்கு கிலோ, ஒரு கோடை கழிந்த பிறகு அதே தூரத்தில் வராது. வெயிலில் கிடந்த குழாயின் மேல் மயிரிழை வெடிப்புகள் விழும். விரலால் தடவிக்கொண்டே போனால் தட்டுப்படும். தட்டுப்பட்ட இடத்தில் வெட்டி, உள்ளே ஒரு சிறு மரக்குச்சியைச் செருகி, மேலே நூலால் இறுக்கிச் சுற்றிச் சேர்த்துவிட வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது இழுத்த நிலையில் அறுந்து முகத்துக்கு வரும். வேலை முடிந்ததும் முகப்பவுடர் தூவி, துணிப்பையில் சுருட்டி, இருட்டில் வைத்தால் ரப்பர் நெடுநாள் வரும்.

கொக்கியின் இடம் சி.ஜி.க்கு ஒரு சென்டிமீட்டர் முன்னால். அங்கிருந்து தொடங்கி, பறக்கவிட்டுப் பார்த்து மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்த வேண்டும். ரொம்ப முன்னால் போனால் கிளைடர் ஏறாமல் முளையை நோக்கித் தாழ்வாக ஓடும். ரொம்பப் பின்னால் போனால் செங்குத்தாக எழும்பி, ஒரு பக்கம் புரண்டு, தரையைக் குத்தும். சரியாக இருந்தால் கையை விட்டதும் இரண்டு மூன்று விநாடி வேகம் எடுத்து, அப்புறம் தானாகவே மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறத் தொடங்கும். அந்த நேரத்தில் மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரைத் தொடவே கூடாது. ஏற வேண்டும் என்கிற நம் ஆசையைக் கட்டைவிரலில் காட்டினால் அதோடு முடிந்தது. திசை திருப்பும் ரட்டரை மட்டும் துளித் துளியாகக் கொடுத்து நேராக வைத்திருக்க வேண்டும். ரப்பர் சுருங்கி முடிகிற இடத்தில், கிளைடர் முளைக்கு மேலே வந்து நிற்கும். மூக்கை ஒரு கணம் தாழ்த்தினால் வளையம் கொக்கியிலிருந்து வழுகிவிடும், பாராசூட் விரியும், நூல் மெதுவாகக் காற்றோடு நம் பக்கமாகவே இறங்கும். எதிர்க்காற்று கொஞ்சம் இருந்தால் 100 மீட்டருக்குப் பக்கத்தில் உயரம் கிடைத்திருக்கும்.

மனிதர் உட்கார்ந்து பறக்கும் கிளைடருக்கும் கதை இதுவேதான், ரப்பருக்குப் பதில் விஞ்ச். புனேயில் ஹடப்சர் களத்தில் விஞ்ச் வைத்துத்தான் ஏற்றிப் பழக்கி வந்தார்கள். ஒரு கிலோமீட்டருக்கு நீட்டிய கயிற்றை மறுமுனையில் இருக்கும் எஞ்சின் உருளையில் சுருட்டி இழுக்கும். கயிற்றுக்கும் கிளைடருக்கும் நடுவே, குறிப்பிட்ட பாரம் தாண்டினால் தானே அறுந்து இறக்கையைக் காப்பாற்றுகிற ஒரு பலவீனக் கண்ணி இருக்கும். எங்கள் ரப்பருக்கும் அப்படி ஒன்று, கொஞ்சம் மெல்லிய நூலில், வைத்துக்கொள்வது நல்லது. இந்த இடத்தில் ஒரு செய்தி. 1950-களின் இறுதியிலிருந்து நம் சிவில் விமானத் துறையின் தொழில்நுட்ப மையத்தில் வடிவமைத்த கிளைடர்களின் பெயர்கள்: அசுவினி, பரணி, கார்த்திக், ரோகிணி, மிருகசீர், ஆர்த்ரா. பஞ்சாங்க வரிசை பிசகாமல் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆர்த்ரா என்றால் நம் திருவாதிரை. இருபத்தேழையும் முடித்திருக்கலாம், ஆறோடு நின்றுவிட்டது.

சரி, ஏற்றிவிட்டோம். இனிமேல்தான் ஆடு மேய்க்கிறவரின் கேள்விக்குப் பதில் வருகிறது.

கொங்கு நாட்டில் கிளைடருக்கு நல்ல காலம் மாசியும் பங்குனியும். காடு காய்ந்து கிடக்கும், மேகம் இருக்காது, முற்பகலில் காற்று இளப்பமாக இருக்கும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கே இருந்து வருகிற காற்று உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகளுக்கு நல்லது, கை வீச்சுக்கு ஆகாது. வெயில் காற்றைச் சூடாக்குவதில்லை. மண்ணைச் சூடாக்குகிறது, மண்தான் மேலே இருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. அதனால் எந்த மண் முதலில் சூடாகும் என்று பார்ப்பதே முதல் பாடம். உழுது போட்ட காய்ந்த கரிசல், பாறைத் திட்டு, நெல் காயவைக்கிற களம், தகரக் கூரை போட்ட ஆலை இவையெல்லாம் பத்து மணிக்கே வேலையை ஆரம்பித்துவிடும். தென்னந்தோப்பும் தண்ணீர் கட்டிய வயலும் குளிர்ச்சி. அவற்றுக்கு மேலே கிளைடரைக் கொண்டுபோனால் உயரம் கரைந்துவிடும். பொழுது சாய்ந்த பிறகு இது தலைகீழாகும். வெறும் மண் சீக்கிரம் ஆறிவிட, பகலெல்லாம் வாங்கிய சூட்டைத் தோப்பு அப்போதுதான் வெளியே விடும். மாலையில் தென்னைக்கு மேலே மெல்லிய ஏற்றம் கிடைப்பது உண்டு.

இப்படிச் சூடாகி எழும் காற்றுக்குத் தெர்மல் என்று பெயர். அதைக் கண்ணால் பார்க்க முடியாது என்பார்கள். பாதிதான் உண்மை. மூங்கில் கழி நுனியில் பழைய ஆடியோ கேசட்டின் நாடாவை ஒரு மீட்டர் நீளத்துக்குக் கட்டி நட்டுவையுங்கள். அவ்வளவு லேசான பொருள் வேறு கிடையாது. தெர்மல் ஒன்று கிளம்பும்போது சுற்றியிருக்கிற காற்றை அடியில் இழுத்துக்கொள்ளும். முகத்தில் அடித்துக்கொண்டிருந்த காற்று திடீரென்று நின்றுபோகும். நாடா தொங்கும், பிறகு மெல்ல நிமிர்ந்து வேறு திசையைக் காட்டும். அது எந்தப் பக்கம் பறக்கிறதோ அந்தப் பக்கம்தான் தெர்மல். பிடரியில் வெக்கை படும். வீச வேண்டிய நேரம் அது. முகத்தில் குளுகுளுவென்று காற்று வேகமாக அடிக்கும்போது எல்லோருக்கும் வீசத் தோன்றும். அது பெரும்பாலும் தெர்மல் கடந்து போன பின் அதன் இடத்தை நிரப்ப இறங்குகிற காற்று. பொறுத்திருக்க வேண்டும். மோட்டார் வைத்திருக்கிறவருக்கு இந்தப் பொறுமை எப்போதும் வராது, ஏனென்றால் தப்பான நேரத்தில் ஏறினாலும் அவருக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

பறவைகளைப் பார்ப்பது அடுத்தது. கரும்பருந்து இறக்கை அடிக்காமல் வட்டமடித்தால் அதற்கு மேல் சாட்சி தேவையில்லை. அதன் வாலைக் கவனியுங்கள். கவடு விட்ட அந்த வால் ஒரு பக்கம் முறுக்கும், திரும்பும், மறுபக்கம் முறுக்கும்; இறக்கை அசையவே அசையாது. நாம் ரட்டரில் செய்வதைத்தான் அது செய்கிறது, நம்மைவிடச் சிக்கனமாக. பருந்து சுற்றுகிற பக்கமே நாமும் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் அது தெர்மலை விட்டு நகர்ந்துவிடும், சில சமயம் கிளைடரைத் துரத்தவும் செய்யும். பனிக்காலத்தில் வருகிற தகைவிலான்கள் இன்னொரு சாட்சி. தெர்மல் கிளம்பும்போது பூச்சிகளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகும். அந்தப் பூச்சிகளுக்காகத் தகைவிலான்கள் ஒரே இடத்தில் கூடி மேலும் கீழும் பாயும். அவை கூடின இடத்துக்குக் கிளைடரைக் கொண்டுபோனால் ஏமாற்றம் அபூர்வம்.

கிளைடரும் சொல்லும். சறுக்கிக்கொண்டிருக்கும்போது ஓர் இறக்கை காரணமில்லாமல் மேலே உந்தப்பட்டால், அந்தப் பக்கம் ஏற்றக்காற்று இருக்கிறது. கிளைடர் அதிலிருந்து விலகித் திரும்பப் பார்க்கும். நாம் அதை மறித்து, தூக்கிய இறக்கையின் பக்கமே திருப்ப வேண்டும். வால் நிமிர்ந்து வேகம் கூடினாலும் நல்ல செய்தி. தொளதொளவென்று தயங்கினால் இறங்குகாற்று. அங்கே வட்டமடித்துக்கொண்டிருக்காமல் மூக்கைத் தாழ்த்தி வேகமாக வெளியே வந்துவிட வேண்டும். வட்டம் அமைந்த பிறகு இன்னொரு சோதனை. தெர்மல் நின்ற இடத்தில் நிற்காது, காற்றோடு நகரும். அதோடு நாமும் நகர்ந்துகொண்டே போவோம். இரண்டு வட்டம் அதிகமாகப் போட்டால் எதிர்க்காற்றில் திரும்பி வர உயரம் போதாது. எங்கே விட வேண்டும் என்று முடிவு செய்வது, எங்கே பிடிக்க வேண்டும் என்று தெரிவதைவிடக் கடினம். பத்து மீட்டர் கூடுதல் உயரத்துக்கு ஆசைப்பட்டுப் பக்கத்து ஊர்த் தோப்பில் இறங்கிய கிளைடர்களைப் பற்றி எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரு கதை உண்டு.

ஆடிக் காற்றில் கை வீச்சு ஆகாது என்றேன். அப்போது மலைச்சரிவுக்குப் போய்விடுவோம். சரிவில் மோதுகிற காற்று மேலே ஏறியாக வேண்டும், காற்று அடிக்கும்வரை ஏற்றமும் இருக்கும். உச்சியிலிருந்து விட்டால் போதும், வீச்சே வேண்டாம். ரைட் சகோதரர்கள் 1903-ல் எஞ்சின் வைத்துப் பறந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். எட்டு ஆண்டு கழித்து, 1911 அக்டோபரில், ஆர்வில் ரைட் எஞ்சின் இல்லாத கிளைடரோடு அதே கில் டெவில் ஹில்ஸ் மணல்மேட்டுக்குத் திரும்பப் போனார் என்பது அவ்வளவாகத் தெரியாது. 24-ஆம் தேதி பலத்த காற்றில் மணற்சரிவுக்கு எதிரே 9 நிமிடம் 45 விநாடி நின்றார். பத்து ஆண்டுக்கு அந்தச் சாதனையை யாரும் தாண்டவில்லை. விமானத்தைத் தானாகச் சமநிலையில் நிறுத்தும் கருவியை ஆராய்வதற்காகப் போனார் என்பார்கள். எஞ்சின் கையில் இருந்தும் அதை விட்டுவிட்டுப் போனாரே, அது எனக்குப் போதும்.

இப்போது மோட்டார் கிளைடர்களுக்கென்றே எஃப்5ஜே என்ற உலகப் போட்டி நடக்கிறது. அதிலும் விதியைப் பாருங்கள். மோட்டார் எவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோனது என்பதை ஒரு சிறு கருவி பதிவு செய்யும். 200 மீட்டர் வரை ஒவ்வொரு மீட்டருக்கும் அரைப் புள்ளி வெட்டு, அதற்கு மேல் மீட்டருக்கு மூன்று புள்ளி. தேர்ந்தவர்கள் தாழ்விலேயே மோட்டாரை அணைத்துவிட்டு, மிச்சத்தைக் காற்றில் தேடுகிறார்கள். மோட்டாரைக் கொடுத்தவர்களே, அதைக் குறைவாகப் பயன்படுத்துகிறவனுக்குத்தான் பரிசு என்கிறார்கள்.

தொடங்க நினைக்கிறவர்களுக்கு: பால்சா கிடைக்காவிட்டால் தெர்மாகோலில் ஒரு சக் கிளைடர் போதும். காட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, மின்கம்பியும் சாலையும் இல்லாத அறுவடை முடிந்த நிலத்தில், காற்று எழும்பாத காலையில் இறங்குங்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். தோள் உயரத்திலிருந்து சமமாக விட்டால் பத்துப் பன்னிரண்டு மீட்டர் நேராகப் போய் வயிற்றில் இறங்க வேண்டும், அதுவும் அடுத்தடுத்துத் தவறாமல். அது வரும்வரை ரிமோட்டும் வாங்க வேண்டாம், ரப்பரும் வாங்க வேண்டாம்.